அஞ்சு ஸ்டார் வாங்கிய ஓடைக்கரைத் தெரு

ராஜபாளையம்
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஷெரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். தேவ கிருபையால் அப்பாவும் நானும் இங்கே சுகம், அப்பாவுக்கு மூச்சிரைப்பு பல மாதமாக வரவில்லை, சர்க்கரை மட்டும் அவர் வாய் போகிற போக்குக்கு ஏறி இறங்குகிறது. நீயும் மாப்பிள்ளை பென்சனும் பேரனும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முழங்கால் போடுகிறேன். சுகம் விசாரிப்பதை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, சொல்ல வேண்டிய சேதி தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. ஷெரின், நம் ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது! கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் வைத்து, ஆட்டோ வந்து போகிற பாலம்! போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே “அம்மா, விசயத்துக்கு வாங்க” என்பாய், இந்தப் பாலம் வந்த கதையை அப்படி விசயத்துக்கு மட்டும் சொல்ல முடியாது. அப்பாவையும் வாயைத் திறக்கக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறேன், பாவம், அவர் அதைச் சொல்லாமல் இருக்கப் படுகிற பாடு பெரிய பாடு. எதிர்வீட்டுச் சீனியம்மாள் மகன் சதீஷ் செவ்வாய்க்கிழமை கனடாவுக்கு விமானம் ஏறுகிறான், மாங்காய் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுக்கிறேன், டொராண்டோவில் இறங்கியதும் உன் வீட்டுக்கு அனுப்பிவைப்பான்.

போன ஐப்பசியை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. மலையில் பெய்த மழைக்கு ஓடை ரோட்டுக்கு மேலே இடுப்பளவு போனது, அப்பாவுக்கோ மூச்சு வாங்குகிறது, நூற்றெட்டு வண்டி அக்கரையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது, இக்கரைக்கு வர வழியில்லை. சதீஷும் மளிகைக்கடை நவநீதகிருஷ்ணனும் இன்னும் ரெண்டு பேரும் அவரைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்தார்கள். நீ அங்கே போனைப் பிடித்துக்கொண்டு அழுகிறாய், நான் இங்கே கரையில் நின்று அழுகிறேன். அன்றைக்குத்தான் நீ கண்டிப்பாகச் சொன்னாய், அடுத்த மழைக்குள் பாலம் வந்தால் இருங்கள், வராவிட்டால் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று. நியாயமான பேச்சு, நானும் சரி என்றேன். நீயும் சும்மா இருக்கவில்லை, எங்களுக்கென்று ஒரு அறையை ஒதுக்கி நீலத் திரை போட்டு படம் அனுப்பினாய். அதை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். அப்பாவும் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “தெர நல்லாத்தான் இருக்கு, சன்னலுக்கு வெளிய ஒரு மனுசப்பய கூட இல்லையேட்டி, யாரப் பாத்துக்கிட்டு இருக்க?” என்று கேட்டார். நான் போனை அணைத்து வைத்துவிட்டேன். பாலத்துக்கு அவர் எழுதாத மனு இல்லை, மில்லில் ஃபிட்டராக இருந்தபோது மிஷினோடு போராடியது போல ஆபீசோடு போராடினார். வைகாசி வரைக்கும் ஒன்றும் அசையவில்லை.

வைகாசியில் ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு பிள்ளை வந்தாள். பெயர் பியூலா, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப், கழுத்தில் அடையாள அட்டை. ஊர் ஜனங்கள் தண்ணீர், குப்பை, விளக்கு, ரோடு, அக்கம்பக்கம் இதிலெல்லாம் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கிறார்களாம். முகம் வெந்து சிவந்திருந்தது, ஒரு செருப்பின் வாரைச் சேஃப்டி பின் குத்தி ஒட்டவைத்திருந்தாள். நான் உட்காரவைத்து மோர் கொடுத்தேன். அவள் டேப்பைத் திறப்பதற்குள் நான் அவள் அப்பா என்ன செய்கிறார், அம்மாவுக்கு என்ன உடம்புக்கு, எந்தச் சபை, கல்யாணத்துக்குப் பார்க்கிறார்களா என்று அத்தனையும் கேட்டு முடித்துவிட்டேன். அப்புறம் அவள் ஒவ்வொன்றாகப் படித்து, “எத்தன ஸ்டார் போடலாம்மா?” என்றாள். எனக்கு ஸ்டார் என்றால் என்னவென்று தெரியாதா? விசாவுக்குக் காத்திருந்த நாளெல்லாம் சதீஷ் சாப்பாடு டெலிவரிக்குத்தானே போனான், அவன் தெரு முழுக்க எல்லோருக்கும் பாடம் எடுத்து வைத்திருந்தான், “அஞ்சு ஸ்டாருக்குக் கொறஞ்சா எனக்கு அன்னைக்கு ஆர்டரே வராது பெரியம்மா” என்று. அதனால் நான் தண்ணீருக்கு அஞ்சு, விளக்குக்கு அஞ்சு, குப்பைக்கு அஞ்சு என்று போட்டுக்கொண்டே வந்தேன். ரோடும் பாலமும் வந்தபோது மனசு கொஞ்சம் இடித்தது, ஆனால் அந்தப் பிள்ளையின் செருப்பைப் பார்த்தேன், இந்த வெயிலில் நடந்தவளுக்கு நான் குறைத்துப் போட்டால் அவள் சம்பளத்தில் கை வைத்துவிடுவார்களே என்று அதற்கும் அஞ்சு போட்டேன். போகும்போது அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள், பார்த்துக்கொள்.

ஆடி பிறந்ததும் நம் வார்டு கவுன்சிலர் ஒரு கட்டு சரவெடியோடு தெருவுக்குள் வந்தார். ஊரிலேயே ரொம்பத் திருப்தியான தெரு நம் ஓடைக்கரைத் தெருதான், விழா வைத்துக் கோப்பை கொடுக்கப் போகிறார்கள் என்றார். ஒரே கைதட்டல், நானும்தான் தட்டினேன். வெடிப் புகை அடங்குவதற்குள் அப்பா பாலம் என்ன ஆச்சு என்று கேட்டார். கவுன்சிலர் தலையைச் சொறிந்துகொண்டு, இந்த வருடம் ஸ்டார் குறைவாக விழுந்த தெருக்களுக்குத்தான் வேலை ஒதுக்குகிறார்கள், “உங்களுக்குத்தான் ஒரு கொறையும் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீகளே அண்ணாச்சி” என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பியூலா வந்தபோது அப்பா பென்ஷன் விசயமாக வெளியே போயிருந்தார், அதனால் வீட்டில் அஞ்சு போட்ட ஆள் யாரென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. “நான் எம்புட்டு மனு எழுதுனேன், அம்புட்டையும் ஒரு டம்ளர் மோருல கரைச்சுட்டியே” என்றார். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் சரியாக வந்து உட்கார்ந்தார்.

நான் மட்டும்தான் இந்த வேலை பார்த்தேன் என்று நினைத்து வெளியே தலைகாட்டவில்லை. பிறகு நவநீதகிருஷ்ணன் கடை வாசலில் எல்லோரும் கூடியபோதுதான் தெரிந்தது, தெருவே சேர்ந்து போட்டிருக்கிறது! சீனியம்மாள் என்னை விட மேலே போய்விட்டாள், பியூலாவை உட்காரவைத்துச் சோறே போட்டிருக்கிறாள். “வாரு அறுந்த செருப்போட வந்த பிள்ளைக்கு மூணு போட எனக்கு மனசு வருமா, நீயே சொல்லு” என்றாள். நவநீதகிருஷ்ணன் அவர் வீட்டுத் தெலுங்கு கலந்து, “பாவம் அந்த அம்மாயி, வெளியூருப் பிள்ளை. அதுக்கு முன்னால நம்ம தெருவ நாமளே கொற சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், சிரிப்பு வந்துவிட்டது, செத்த நேரம் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது ஷெரின். இவர்களை விட்டுவிட்டுத்தான் நான் வர வேண்டும், அதுவும் நானே போட்ட ஸ்டாரால்.

ஆடிப்பூரத் தேர் முடிந்த அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. கோப்பை வாங்க மேடைக்கு யார் போவது என்று வந்தபோது எல்லோரும் என்னைத் தள்ளினார்கள், கணக்கெடுப்பில் முதல் வீடு நம் வீடுதானாம். பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பெரிய அதிகாரி ஒரு அம்மா, மேடை ஓரத்தில் பியூலாவும் நிற்கிறாள், காலில் புதுச் செருப்பு! நான் முதலில் அவளிடம்தான் போனேன், “நான் உண்மையச் சொன்னா ஒன் வேலைக்கு ஏதும் வந்துருமா தாயி” என்று காதோடு கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொல்லச் சொல்ல வாயைப் பொத்திக்கொண்டு, “ஐயோ பெரியம்மா, அந்த மார்க் எனக்கில்ல, ஊருக்கு! நீங்க தாராளமாச் சொல்லுங்க” என்றாள். அதற்குப் பிறகு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை, சபையில் ஜெபம் பண்ணக் கூப்பிட்டாலே சுவரோரம் ஒதுங்குகிறவள் நான். மைக்கைப் பிடித்துக்கொண்டேன். “அம்மா, இந்தக் கோப்பைய எங்களால வாங்க முடியாது. நாங்க போட்ட ஸ்டாரு இந்தப் பிள்ளைக்குப் போட்டது, மோரு குடிச்ச டம்ளரக் கழுவி வச்சுட்டுப் போச்சு, அதுக்குப் போட்டது. அக்கம்பக்கத்துக்கு நான் போட்ட அஞ்சு மட்டும் நெசம், அதுல மாத்தமில்ல. ஓடைக்கு ஒண்ணு கூடக் கெடையாது. போன ஐப்பசியில எங்க வீட்டுக்காரவியள நாலு பேரு நாக்காலியோட தூக்கித்தான் அக்கரை சேத்தாக. தூக்க ஆளு இருந்ததால எங்களுக்குக் கொற தெரியாமப் போச்சு. அந்த நாலு பேருல ஒருத்தன் இந்தா நிக்கான், கனடா போறான். எங்க தெருவுல பாதி வீட்டுப் பிள்ளைக வெளியூருல இருக்கு. வாரு அந்துபோன செருப்புக்குப் பின்னு குத்தலாம், ஓடைக்குக் குத்த முடியுமா? எங்களுக்குப் பாலம் வேணும்” என்றேன்.

அதற்கு எழுந்த கைதட்டலை நீ கேட்டிருக்க வேண்டும்! முதலில் தட்டியது யார் தெரியுமா, மோருக்காக என்னைக் கோபித்துக்கொண்ட உன் அப்பா. அதிகாரி அம்மா சிரித்துவிட்டார், கோப்பை உங்களிடமே இருக்கட்டும், அக்கம்பக்கத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஓடையை வந்து பார்க்கிறேன் என்றார். சொன்னபடி வந்தார். ஆவணியில் ஜேசிபி வந்தது, தெருவே வேடிக்கை பார்க்க நின்றது, சீனியம்மாள் அடுப்பை அணைக்காமல் வந்து சாம்பார் அடிப்பிடித்த கதை தனி. கான்கிரீட் போட்ட பிறகு அது காயாமல் இருக்க முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம், நான் ஊற்றிய பக்கம் தான் நன்றாக இறுகியிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று திறந்துவிட்டார்கள். முதல் வண்டியில் யார் போவது என்று சதீஷ்தான் யோசனை சொன்னான், அப்பாவை ஆட்டோவில் ஏற்றி அக்கரை போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்தச் சிவப்பு நாற்காலியையும் ஆட்டோ கூரை மேலே கட்டிவிட்டார்கள், இந்தப் பிள்ளைகளுக்குக் குசும்பு எங்கே போகும். அவர் மந்திரி மாதிரி கையை ஆட்டிக்கொண்டு போனார், திரும்பி வந்து இறங்கும்போது கண்ணைத் துடைத்தார், தூசி என்றார். பியூலாவும் வந்திருந்தாள், ஒரு டப்பா பால்கோவா கொண்டுவந்தாள். உனக்கு வைக்கலாம் என்றால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சதீஷ் பயப்படுகிறான், ஆகையால் பாதியை நானும், நான் பார்க்காத நேரத்தில் மீதியை அப்பாவும் முடித்தோம். கோப்பை இப்போது நவநீதகிருஷ்ணன் கடையில் இருக்கிறது, அதில் தேன்மிட்டாய் போட்டு வைத்திருக்கிறார்.

அதனால் மகளே, நீ சொன்ன வாக்குப்படி நாங்கள் இங்கேயே இருக்கிறோம். இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், நீ அந்த நீலத் திரையை எத்தனை கடை ஏறி இறங்கி வாங்கினாய் என்று மாப்பிள்ளை சொன்னார். ஒன்று சொல்கிறேன் கேள். ஒவ்வொரு தடவையும் நீ போனில் “நல்லா இருக்கீங்களாம்மா” என்று கேட்கும்போது நான் ஒரு குறையும் இல்லை என்பேன். அதுவும் பியூலாவுக்குப் போட்ட ஸ்டார்தான் ஷெரின், அவ்வளவு தூரத்தில் கிடக்கிற பிள்ளை கலங்கிவிடக் கூடாது என்று போட்டது. இப்போது சரியாகப் போடுகிறேன். விளக்குக்கு அஞ்சு, தண்ணீருக்கு நாலு, கொசுவுக்கு ரெண்டு, தெரு ஜனத்துக்கு அஞ்சுக்கு மேலே இருந்தால் அதுவும். கிறிஸ்மஸ் காலையில் இலை போட்டு உட்காரும்போது உன் இடம் காலியாக இருக்கிறதே, அதற்கு என்னால் ஒன்று கூடப் போட முடியாது.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணி போலக் காப்பாராக. பேரனுக்குக் காதை மூடிக் குல்லா போடு, ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே, சதீஷுக்கு அங்கே யாரும் இல்லை, வாரம் ஒருநாள் கூப்பிட்டுப் பேசு. லீவு கிடைக்கிற கிறிஸ்மஸுக்கு வாருங்கள், ஆட்டோ வாசல் வரைக்கும் வரும். அப்புறம், அடுத்த தடவை போனில் நான் நல்லா இருக்கியா என்று கேட்டால், எனக்கும் நீ அஞ்சு போடாதே, உள்ளதைச் சொல்லு.

உன் அம்மா
எப்சி ஜேசுதாசன்