சாமிக்கு வைத்த சுருட்டு

மதுரை, தல்லாகுளம்
12.11.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் கை கூசுகிறது. நேற்று வந்த மாமன் மகன் முத்திருளன் எல்லாம் சொல்லிவிட்டான்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பினால் கருப்புச்சாமிக்கு ஒரு கட்டுச் சுருட்டு படைப்பதாக மதினி ஒச்சாயி நேர்ந்திருந்தாள், சரி. படைத்த கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, "சாமி பிரசாதம், ஒண்ணும் செய்யாது"ன்னு நீ தினமும் பற்றவைக்கிறாயாமே! த்தூ! சாமிக்கு நெஞ்சில் இரைப்பு உண்டா? "புகை இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க. சுருட்டும் ஆகாது, செங்கல் சூளைப் பக்கமும் போகக்கூடாது" என்று டாக்டர் சொன்னபோது நானும்தானே நின்றேன்? அண்ணே, உன் சூளையை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. முன்னறையை உனக்கு ஒழித்து வைத்திருக்கிறேன்.

உன் தங்கை
அன்னக்கொடி

எழுமலை
20.11.1981

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதாசி கிடைத்தது. படித்துக் காட்டியதும் உன் மதினி ஒரு பாட்டம் அழுதாள். சாமி முன்னால் வைத்து எடுத்தது கெடுதல் செய்யாது என்று நம்பித்தான் கொடுத்தாள். அவளைத் திட்டாதே.

சூளையை விட்டுவிடலாம். சுருட்டை விடுவேனோ என்னவோ. ஆனால் உன் வீட்டுக்கு வரமாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கேதானே வந்தேன்? நான் இருமும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாய். சளி துப்பும் டப்பாவைக் குச்சியால் தள்ளினாய். என் நாத்தம் எனக்கும் தெரியும் தாயி. இங்கே ஒச்சாயி மூக்கைப் பொத்துவதில்லை. மூச்சு எம்புட்டு ஓடுதோ அம்புட்டும் இங்கேயே ஓடட்டும்.

உன் அண்ணன்
நல்லகாமன்

மதுரை
26.11.1981

அண்ணனுக்கு,

ஆமாம், மூக்கைப் பொத்தினேன். பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சளியை நினைத்தால் இப்போதும் சேலைத் தலைப்பு மூக்குக்குத்தான் போகிறது. அதற்காகவா சாகப் போகிறாய்? மூக்கைப் பொத்தாத மதினி பக்கத்தில் உட்கார்ந்து தீக்குச்சி உரசித் தருகிறாள். அதுவா பாசம்? எனக்கு அதைவிட அருவருப்பு வேறு எதுவும் இல்லை.

நீ வராவிட்டால் போ. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வாரேன். மிச்சம் இருக்கிற சுருட்டுக் கட்டை என் கையாலேயே கிணற்றில் போடுவேன். சாமி கோபித்தால் என்னிடம் கோபிக்கட்டும். உனக்குப் பணிவிடை செய்வேன், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்வேன். எனக்கு வேறு அண்ணன் இல்லை. நான் வந்தால் என்னோடு பேச வேண்டாம், முகத்தில்கூட முழிக்க வேண்டாம். மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிரு.

அன்னக்கொடி