நாலுக்கு ஒன்று

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மாடியில் காயப்போட்ட துணியை இரண்டு முறை எடுத்து, இரண்டு முறை போட்டாயிற்று. சைதாப்பேட்டையில்தான் மழை. அக்கா டீச்சராக வேலை பார்க்கும் அடையாறு பள்ளிப் பக்கம் ஒரு சொட்டு இல்லையாம்.

அக்கா மகள் ஷைனியின் கணக்குத் தாள் வந்தது. 1/2-ஐவிட 1/4 பெரிது என்று எழுதியிருக்கிறாள். இரண்டைவிட நான்கு பெரிது, அவ்வளவுதான். ஒன்பது வயதுக்கு நியாயமான காரணம்.

அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. "வியாழக்கிழமை மறுபடி டெஸ்ட். அஞ்சே கேள்வி. ஒண்ணு தப்பானாலும் அசோக் நகர் டியூஷன்தான். கோயில் பாட்டு கட்."

டியூஷனும் பாடற்குழுப் பயிற்சியும் ஒரே ஆறு மணிக்கு. மாதா திருவிழாவில் ஷைனிக்குத் தனியாகப் பாட ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள். அவள் அழவில்லை. குளியலறைக்குப் போய் அந்த வரியைப் பாடினாள்.

"வியாழன் வரைக்கும் என்கிட்ட விடுக்கா."

"நீ கதை படிக்கிறவ. உனக்கெதுக்குடி கணக்கு?"

என்னால் முடியும். எப்படி என்பது நாளை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. பள்ளி விட்டதும் ஷைனியோடு மார்க்கெட். தக்காளி, பீன்ஸ், இஞ்சி, உளுந்து.

தக்காளிக்காரர்: "இன்னா பாப்பா, கால் கிலோவா அரை கிலோவா?"

"எது நிறையவோ அது."

"எது நிறைய? நீயே சொல்லு."

"அரை." தயக்கமே இல்லை.

"அப்டி சொல்லு. மாத்திக் குட்த்தா உங்க சித்தி என்னை சும்மா வுடுமா?"

ஆக, வாய்க்குத் தெரிகிறது. தாளில் எழுதினால்தான் குழப்பம். இரண்டையும் ஒட்டவைத்தால் போதும்.

இரவுச் சாப்பாட்டில் சப்பாத்தி. ஒன்றை இரண்டாக, ஒன்றை நான்காகப் பிய்த்து, துண்டுகளின் பக்கத்தில் 1/2, 1/4 என்று சீட்டு. "நாலு பேருக்குப் பிச்சா சின்னதாத்தான் ஆகும்." அவளே சொன்னாள்.

முன்னதாக, இட்லிக்கு அளந்து ஊறப்போட்டதும் அவள்தான். அரிசி நாலு, உளுந்து ஒன்று. படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இட்லி, கல். மாமா ஒன்றை மேசையில் தட்டிப் பார்த்தார். "கோட்டூர்புரம் பாலத்துக்குக் கல்லா அனுப்பிடலாம்." எல்லோரும் சிரித்தோம், ஷைனி தவிர.

எழுந்து சமையலறைக்குப் போனாள். மாமா தண்ணீர் குடிக்கும் பெரிய டம்ளர், என் காபி டம்ளர். சின்னதில் தண்ணீர் நிரப்பிப் பெரியதில் ஊற்றினாள். பாதிதான் வந்தது.

"சித்தி, நாலுக்கு ஒண்ணு சரிதான். அரிசிய பெருசுல அளந்தேன், உளுந்த சின்னதுல."

"அதனால?"

"ஒண்ணுன்னா எந்த ஒண்ணுன்னு நீ சொல்லவே இல்ல."

சொல்லவில்லைதான். நேற்று நான் தலை தூக்காமல் படித்த, பின்னங்களைப் பற்றிய நூலகப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சுற்றி வருவது இந்த இடத்துக்குத்தான்.

மீதி மாவு சரிபாதி இருக்கிறது. இன்னும் அரைக் காபி டம்ளர் உளுந்து அரைத்துச் சேர்த்தால் சரியாகிவிடும் என்றாள். சேர்த்தோம். நாளை டெஸ்டுக்கு நான் பயப்படவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

நல்ல வெயில். போர்வைகள் காய்ந்தன. இட்லி மிருது.

ஷைனி பையைக் கழற்றாமலே: "நாலு ஈஸி. ஒண்ணு மட்டும், கேள்வியே தப்பு."

கேள்வி: ரவி ஒரு கேக்கில் 1/2 சாப்பிட்டான், மீனா ஒரு கேக்கில் 1/4. யார் அதிகம்? இவள் எழுதியது: இரண்டு கேக்கும் ஒரே அளவா?

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லிக்குடுத்ததா?"

"இல்ல. இட்லி."

அக்கா சிரிக்கவில்லை. நேற்று இருந்த தைரியம் கொஞ்சம் இறங்கியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தாள் வந்துவிட்டது. நாலு சரி. கேக்குக்குச் சிவப்பில் பெருக்கல் குறி.

அக்கா பள்ளிச் சேலையோடு உட்கார்ந்து அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் திருத்தியிருந்தாலும் தப்புதான் போட்டிருப்பேன்." தாளை மடித்தபடி, "இவள மாதிரி யோசிச்சிருக்க மாட்டேன்."

ஷைனி வாசல் பக்கம், பாட்டுத் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

"என்னடி நிக்கிற? ஆறு மணிக்குப் பாட்டு இல்ல?"

ஒரு காலில்தான் செருப்பு மாட்டினாள் என்று நினைக்கிறேன். மற்றது படியில் கிடந்தது.

மாவு தீர்ந்துவிட்டது, ஊறப்போட வேண்டும். இனி அளக்க ஒரே டம்ளர்தான் என்று, எட்டாத அலமாரியில் காபி டம்ளரை ஒளித்து வைத்திருக்கிறாள் அக்கா. என் காபிக்கு வழி சொல்லவில்லை.