இடது பக்கம் பாருங்களேன்

என் செல்ல வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். உன் அம்மா சுகம். நான் சுகம் என்று நீயும் அம்மாவும் சொல்லிச் சொல்லி ஐந்து மாதமாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன், என் உடம்பைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரிகிறது, அதனால் அதை நீயே எனக்கு எழுது. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் கத்திவிடுவேன், கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்கு மனசு இளகிப்போய் சரி விடும்மா என்று சொல்லிவிடுவேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அதனால் காகிதத்தில் கத்துகிறேன். மற்ற செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை, மாடிக் குழாய் ஒழுகியதை நானே சரி செய்துவிட்டேன், அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கீழ்வீட்டுத் தையல்காரர் இப்போதும் என்னைப் பார்த்தால் ராக்கெட் எப்போ கிளம்புது என்றுதான் கேட்கிறார். நீ அனுப்பிய ஹெல்மெட்டை முதல் நாள் மாட்டிக்கொண்டு இறங்கியபோது கேட்ட கேள்வி, இன்னும் விடவில்லை.

அந்த ஹெல்மெட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீ வேலைக்கு அவ்வளவு தூரம் போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று உன் அம்மா என்னோடு வேலைக்கு வர ஆரம்பித்தது உனக்குத் தெரியும். கடை கடையாகப் போய் தராசை ரிப்பேர் செய்து, எடைக்கற்களை வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. கற்களைப் பெட்டியிலிருந்து வரிசையாக எடுத்துக் கொடுப்பதும், தராசு காட்டும் எண்ணை நோட்டில் எழுதுவதும் அவள் வேலை. கடையில் நன்றாகப் பேசுவோம். வண்டியில் ஏறினால் ஊமைதான். பின்னாலிருந்து அவள் ஏதாவது சொல்வாள், காற்றில் பாதி போய்விடும், நான் என்ன என்ன என்று கேட்பேன், அவள் திரும்பச் சொல்வதற்குள் அந்த இடமே தாண்டிப் போயிருக்கும். ஒன்றுமில்ல, ரோட்டப் பாருங்க என்பாள். இப்படியே ஆறு வருஷம், ஒரே வண்டியில் இரண்டு பேர் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தோம். அப்போதுதான் உன் பார்சல் வந்தது. இரண்டு ஹெல்மெட், உள்ளே காதோரம் சின்ன ஸ்பீக்கர், வாய் பக்கம் ஒரு மைக், கம்பி கிடையாது. அம்மாவும் நீங்களும் வண்டில பேசிக்கிட்டே போங்கப்பா என்று நீ போனில் சொன்னாய். பெண் பிள்ளை பெற்றால் இப்படித்தான் பெற வேண்டும் என்று தையல்காரரிடம் போய்ப் பெருமையடித்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அம்மா பேசினாளே, அப்பப்பா! அவளுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததே எனக்குத் தெரியாது. ஏங்க, இடது பக்கம் பாருங்களேன், அந்த வீட்டுச் சுவர் முழுக்க ஊதாப் பூ. இடது பக்கம் பாருங்களேன், அந்தக் கடைக்காரர் புதுசா கண்ணாடி போட்டிருக்காரு. மெதுவாப் போங்க, அந்த நாய்க்குட்டி எப்படித் தூங்குது பாருங்க. நான் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். சில சமயம் பூவும் இருக்காது, நாய்க்குட்டியும் இருக்காது, ஒரு ஆட்டோவோ தள்ளுவண்டியோதான் இருக்கும். தாண்டிப் போச்சு என்பாள். நான் சிரிப்பேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இந்த ஐந்து மாதமும் நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது புது மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் கழித்து என் மனைவி என் காதுக்குள் உலகத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் காட்டிய அழகெல்லாம் ஏன் இடது பக்கமே இருந்தது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். சந்தோஷமாக இருக்கிறவன் எங்கே யோசிக்கிறான்?

போன வாரம் வெங்காய மண்டியில் பெரிய தராசு ஒன்றுக்கு வேலை இருந்தது. முடித்து வெளியே வரும்போது தூறல். நான் வண்டிப் பக்கத்தில் கொட்டகை ஓரமாக ஹெல்மெட்டோடு நின்றேன். அம்மா நோட்டில் கையெழுத்து வாங்க உள்ளே போனவள், அவளும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, அங்கே மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அப்போது நீ அவளைக் கூப்பிட்டாய். எங்கள் கல்யாண நாளன்று இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று, அவளுக்கு வரும் போன் எனக்கும் கேட்கிற மாதிரி நீயே அங்கிருந்து ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக் கொடுத்து மாற்றி வைத்தாயே, ஞாபகமிருக்கிறதா? அதைத் திரும்ப மாற்றச் சொல்ல நீயும் மறந்தாய், அவளும் மறந்தாள். நீ எப்போதும் நாங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் கூப்பிடுவாய், அன்றைக்கு என்னவோ முன்னாலேயே கூப்பிட்டுவிட்டாய். உன் குரல் கேட்டதும் நான் வாயைத் திறந்தேன், வாலு என்று கூப்பிட. அதற்குள் நீ, இந்த வாரம் எத்தனை தடவைம்மா என்று கேட்டாய். அம்மா, நாலு என்றாள். இடது பக்கம் சுத்தமாத் தெரியல, நேத்து ஒரு சைக்கிள்காரர் கூடவே வந்தாரு, நான் பூவப் பாருங்கன்னு கத்தினேன், இல்லன்னா என்ன ஆகியிருக்குமோ என்றாள். அப்பாவுக்கு சந்தேகம் வரலையே என்று நீ கேட்டாய். அம்மா, இல்லடி, நான் பேசுறதுல அவருக்கு அவ்ளோ சந்தோஷம், அதான் எனக்குத் தாங்கல என்று சொன்னாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஸ்பீக்கர் ரொம்ப நல்ல தரம்மா, அவள் மூக்கை உறிஞ்சியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

அவள் வந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோல் பைப் அடைத்துக்கொண்டது என்று சொன்னேன். நீங்கள் ஐந்து மாதம் சொன்னதற்கு நான் ஒரே ஒரு பொய் சொன்னேன், கணக்கில் இன்னும் நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள். கற்பெட்டியோடு வண்டியை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் பக்கத்தில் நடந்தாள். தூறல் விடாததால் இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். நடந்து வரும்போதும் பழக்கம் விடவில்லை பார், ஏங்க, இடது பக்கம் பாருங்களேன், அந்த பால்கனில எத்தனை தொட்டி என்றாள். திரும்பினேன். மூடியில்லாத சாக்கடைக் குழி, என் காலிலிருந்து ஒரு முழம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் வெளியே தெரியாது, ஆனால் அவளுக்குக் கேட்டுவிடும், அதனால் இருமல் மாதிரி ஆக்கிவிட்டேன்.

யார் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் நம்புவது என் தொழிலில் கிடையாது. மறுநாள் காலையில் அம்மா குளிக்கப் போனதும் என் வேலை அறையில் சுவரில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கு நேரே நாற்காலி போட்டு, மேசையில் வலது பக்கம் ஏழு கல், இடது பக்கம் ஏழு கல், பிறை மாதிரி வளைத்து வரிசையாக வைத்தேன். புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ணினேன். வலது பக்கம் ஏழும் இருந்தது. இடது பக்கம் மூன்று. நாற்காலியை மாற்றிப் போட்டேன், விளக்கைப் போட்டேன், கண்ணைக் கழுவிவிட்டு வந்தேன், மூன்றுதான். வாரம் முழுக்க அடுத்தவர் தராசில் கோளாறு கண்டுபிடிக்கிறவன் என் முகத்திலேயே இருந்த கோளாறைக் கண்டுபிடிக்கவில்லை. அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றாள், மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏழுக்கு மூணு என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மருந்து ஊற்றிக் கண் கூசியதால் நீ போய் என்னன்னு கேட்டுட்டு வா என்று அவளை நான்தான் உள்ளே அனுப்பினேன். இடது கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து, வண்டி ஓட்டக் கூடாது, இவ்வளவும் டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் வெளியே வந்து, கண் வறட்சிதான், சொட்டு மருந்து போட்டாச் சரியாயிடும் என்றாள். அன்றைக்கே உன்னோடு பேசியிருக்கிறாள். நம் தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் வயசாகி வண்டி ஓட்டுவதை விட்டபோது, நான் வண்டிய விட்டா ஆளே இல்ல என்று எப்போதோ நான் சொன்னதை நினைத்துப் பயந்தாளாம். லீவு கிடைத்ததும் நேரில் வந்து நானே பக்குவமாச் சொல்றேன், அதுவரைக்கும் சமாளிம்மா என்று நீ சொன்னாயாம். அந்தச் சமாளிப்புக்குத்தான் பார்சல். எனக்கு வந்தது பரிசில்லை, காவல்.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் பதில் சொல். அந்தச் சைக்கிள்காரர் என்ன பாவம் செய்தார்? அவர் வீட்டில் யாரிடமாவது கேட்டீர்களா, ஒரு பாதி குருடர் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார், பின்னால் உட்கார்ந்திருக்கிற அம்மா கத்தினால் தப்பிக்கலாம் என்று? நாலு தடவை என்று அவள் சொன்னது ஒரு வாரத்துக்கு. இருபது வாரத்துக்கு எத்தனை என்று நீயே பெருக்கிப் பார். அவளும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நீ யாருக்கு லீவு போட்டு வந்திருப்பாய்? இதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. கண் தெரியவில்லை என்று தெரிந்தாலும் இந்த மனிதர் சாவியைக் கொடுக்க மாட்டார் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு கட்டினீர்கள் பார், அதுதான். ஒரு கிராம் தப்பினால் வியாபாரியிடம் சண்டை போட்டு முத்திரை வைக்காமல் வருகிறவனை, வீட்டில் இருக்கிற நீங்களே இவ்வளவுதான் என்று நினைத்துவிட்டீர்கள். சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், சாப்பிடாமல் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சாவியைக் கொடுத்திருப்பேன். அந்த இரண்டு நாளுக்குப் பயந்து ஐந்து மாதத்தை எடுத்துக்கொண்டீர்கள். அதுவும் என் வாழ்க்கையில் நல்ல ஐந்து மாதம். அதைத் திரும்ப நினைத்துப் பார்க்கக்கூட இப்போது வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். உண்மையிலேயே எந்தச் சுவரில் பூ இருந்தது என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

சாவியை அன்றைக்கே அம்மா கையில் கொடுத்துவிட்டேன். வண்டி தார்ப்பாய் போட்டு நிற்கிறது. சின்னக் கற்களை மட்டும் சக்கரப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் போகிறோம், பெரிய தராசு வைத்திருப்பவர்கள் அவர்களே வண்டி அனுப்புகிறார்கள், வேலை நிற்கவில்லை, அதனால் நீ பயப்படாதே. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தும் நாலு நாளாக நான் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் வேலை அறையில் இருந்தேன், என் ஹெல்மெட் மேசை மேல் இருந்தது, அதற்குள்ளிருந்து கரகர என்று சத்தம். எடுத்து மாட்டினேன். உன் அம்மா சமையலறையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். நேரே வந்து சொல்லத் தைரியமில்லை போலிருக்கிறது. முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, உங்களுக்கு இடது பக்கப் பார்வை போயிடுச்சு, டாக்டர் என்கிட்ட சொன்னாரு, நான் உங்ககிட்ட மறைச்சேன் என்றாள். எனக்குத் தெரிந்த செய்திதான், ஆனாலும் அவள் வாயால் கேட்டபோதுதான் அது செய்தியானது. கேட்டுச்சு என்று மட்டும் சொன்னேன். இன்றைக்குக் காலையில் தோசைக்கல்லைக் காணோம் என்று அவள் தேடியபோது, உன் இடது பக்கம் பாரு என்றேன். சிரிக்கவில்லை இரண்டு பேரும். ஆனால் பேச்சு வந்துவிட்டது.

உன் முறை பாக்கியிருக்கிறது. அம்மா போனுக்குக் கூப்பிடாதே. என் போனுக்குக் கூப்பிட்டு அவள் சொன்ன அதே விஷயத்தை நீ சொல். காதுக்குள்ளேயே ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்த பெண், என் காதில் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் கொடுக்காதே, அழாமல் சொல், அழுதாலும் முழுதாகச் சொல்லிவிட்டு அழு.

கோபமாக எழுதினாலும் உன்னை வாழ்த்தாமல் முடிக்க எனக்குக் கை வராது. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மறக்காமல் ஒன்று செய். இந்தக் கண் அழுத்தம் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாமாம், முந்தாநாள் நானே டாக்டர் அறைக்குள் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன். இந்த வாரமே போய் உன் கண்ணைக் காட்டு. எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அம்மாவிடம் சொல், அவள் தூங்கட்டும். வேறு ஏதாவது என்றால் முதலில் என்னிடம் சொல்.

இப்படிக்கு,
ஏழுக்கு மூன்று தெரிகிற, காது இரண்டும் நன்றாகக் கேட்கிற
உன் அப்பா