மாப்பிள்ளைச் சாமியும் என் தோளும்

பிப்ரவரி 11, செவ்வாய்

விடைத்தாள்கள் நாற்பத்தாறு. திருத்தியது ஒன்பது. பத்தாவதை எடுக்கும்போது அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வலது தோளில் கட்டு. போன வாரம் படகில் கயிறு இழுத்தபோது சதை கிழிந்துவிட்டது. மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"மாசி மகத்துக்கு நீதான் தூக்கணும்."

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருவார். மீனவக் குலத்துப் பெண்ணைக் கட்டியவர். அதனால் எங்கள் ஆட்களுக்கு அவர் முதலில் மாப்பிள்ளை, பிறகுதான் சாமி. சப்பரத்தின் முன்தண்டில் முதல் தோள் எங்கள் வீட்டுடையது. தாத்தாவுக்குப் பின் அப்பா. வீட்டில் ஆள் இல்லையென்றால் பங்காளி வீட்டுக்குப் போகும். போனால் திரும்பாது.

நான் ஞானஸ்நானம் எடுத்து, ஊர்ப் பேச்சில் வேதக்காரனாகி, இரண்டு வருடம். அப்பாவுக்கு அது தெரியும். தெரியாதது போல இருக்க அதைவிட நன்றாகத் தெரியும்.

"பேப்பர் திருத்தணும்ப்பா" என்றேன்.

கோழை.

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது. வேறு நேரம் கிடைக்கவில்லையா எனக்கு?

"என்னால தூக்க முடியாதுங்கப்பா. நான் கிறித்தவன்."

அப்பா இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒன்னய யாரு சாமியா கும்புடச் சொன்னா? மாப்புள வாராரு. வாங்க மாப்புளன்னு தூக்கிக்கிட்டு வரணும், அவ்ளோதான். ஊட்டுக்கு வர்ற மாப்புளய, நீ வேற மதம்னு வாசல்லயே நிறுத்துவியா?"

ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தேன், இதற்குப் பதில் எந்தத் தாளிலும் இல்லை.

அம்மா, "கொழம்பு ஆறுது" என்றாள். எங்கள் வீட்டில் சண்டையை முடிக்கும் சொல் அதுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காரைக்காலில் மாடி அறைச் சபை. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் தேவபிச்சையிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜெபிப்பார் என்று நினைத்தேன். கைப்பேசியை எடுத்தார்.

"பிரதர், இது பெரிய சாட்சி. பல்லக்கை மறுத்த மீனவ வாலிபன். ஒரு வீடியோ எடுத்துருவோம். பின்னாடி கடல் தெரியணும்."

"எங்கப்பா பாப்பாருங்க ஐயா."

"பாக்கட்டும். அவரும் தொடப்படுவார்."

தொடப்படுவார். அசைக்கப்படுவார். கொண்டுவரப்படுவார். இவர்களிடம் எல்லாமே செயப்பாட்டு வினை. யாரும் எதையும் செய்வதில்லை. அப்பா என்ன, நனைந்த சுவரா, தொட்டதும் உதிர?

வீடியோ வேண்டாம் என்றேன். "பெருமை வந்துடக் கூடாது பிரதர்" என்றார். வீடியோ எடுக்க மறுப்பது பெருமை.

பிப்ரவரி 17

பேசவில்லை அப்பா.

பிப்ரவரி 20, வியாழன்

புதுச்சேரியிலிருந்து எழில்மதி பேசினாள். கூடப் படித்தவள், இன்னும் ஆய்வில் இருக்கிறாள்.

"டேய், இது நம்பிக்கையே இல்ல, பண்பாடு. தூக்கிட்டு வா. வந்து அதப் பத்தி ஒரு கட்டுரை எழுது."

"அப்ப என் ஞானஸ்நானம்?"

"அது ஒரு ஃபேஸ், கொஞ்ச நாள்ல போயிடும்டா."

அப்பாவுக்கு அது மாப்பிள்ளை மரியாதை. எழிலுக்குப் பண்பாடு. பாஸ்டருக்குக் காணொளி. ஆளுக்கொரு பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா வா என்கிறார்கள். நான் நம்புகிறேன் என்பதை மட்டும் யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

கல்லூரியில் ஜவஹர் அலி மட்டும்தான் யோசனை எதுவும் சொல்லவில்லை. பட்டினத்துக்காரர், பொருளாதாரம் எடுக்கிறார். டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க ஊட்லயும் மாப்பிள்ளைக்கு ஏகப்பட்ட மரியாதைங்க சார். ஆனா தோள்ல மட்டும் தூக்குறதில்ல" என்றார். பத்து நாளில் முதல் தடவை சிரித்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

எனக்கே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தச் சப்பரம் எனக்கு வெறுப்பில்லை. பத்து வயதில் இடுப்பளவு நீரில் அதன் கூடவே ஓடி "மாப்புளே மாப்புளே" என்று தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். அழகான விஷயம். இப்போதும்தான்.

ஆனால் விடுதியில் ஒரு கட்டுரைக்காகச் சுவிசேஷத்தைப் படிக்கப் போய், ஆளுநர் முன்னால் பதில் சொல்லாமல் நின்ற அந்த ஒருவரிடம் மாட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிலுவையிலிருந்து தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. அவரைக் கடவுள் என்று நம்புகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்படிப் பச்சையாக எழுத. அதனால் என்ன?

தூக்குவது தோள்தானே என்கிறார் அப்பா. என் தோளும் ஒரு வாய்தான். அது ஒன்று சொல்லும். நான் ஒன்று நம்புவேன். முடியாது.

ஜெபம் வரவில்லை. ஒரே வரி: ஆண்டவரே, எரிச்சலாக இருக்கிறது, இன்றைக்கு இதையே வைத்துக்கொள்ளும்.

மார்ச் 2, ஞாயிறு

பாஸ்டர் இன்று பிரசங்கத்திலேயே என்னைச் சேர்த்துவிட்டார். பெயர் சொல்லாமல், "நம் நடுவே ஒரு மீனவ வாலிபன்". சபையில் மீனவர் நான் ஒருவன்தான். எல்லாத் தலையும் திரும்பியது.

வெளியே வந்து கேட்டேன். "தேவை என்றால் வீட்டைவிட்டு வெளியே வாங்க பிரதர், ஆபிரகாம் வரலையா" என்கிறார். ஆபிரகாமின் அப்பாவுக்குத் தோளில் கட்டு இருந்ததா?

குரலை உயர்த்திவிட்டேன். உயர்த்தியிருக்க வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

பெரியப்பா மகன் தியாகராசன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள், அப்பாவைப் பார்க்கவாம். போகும்போது என்னைத் தனியாக அழைத்துத் தோளில் கை போட்டார்.

"தம்பி, யாரு என்னா சொன்னாலும் நீ உறுதியா இரு. ஏசுவ விட்றாத."

நெகிழ்ந்துபோனேன், அரை நிமிடம். பிறகுதான் உறைத்தது. நான் தூக்காவிட்டால் முன்தண்டு அவருக்குத்தான்.

இந்த ஊரில் என் விசுவாசத்துக்குக் கிடைத்த ஒரே ஆதரவாளர்.

மார்ச் 9, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ தூக்கலன்னா ஒங்கப்பா ஒன்னும் செத்துட மாட்டாரு. ஆனா நீயா போயி அவருகூட ஒக்காந்து பேசு. ஏதோ செவுத்துக்கு வௌக்கம் சொல்ற மாரி சொல்லிட்டுப் போற."

"அவருதாம்மா பேச மாட்டேங்குறாரு."

"அவருதான் பேச மாட்டாருன்னு தெரியுமுல்ல? நீதான படிச்சவன்."

சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 10, திங்கள்

பஞ்சாயத்துக் கூட்டம். யார் யார் எந்தத் தண்டு என்று வாசித்தார்கள். நான் கூட்டத்துக்கு வெளியே, படகின் நிழலில் நின்றேன். எங்கள் முறை வந்ததும் ஊர்த் தலைவர் மாரிக்கண்ணு நாட்டார் கேட்டார்:

"காத்தமுத்து, ஒன் ஊட்டுலேந்து யாருப்பா?"

அப்பா எழுந்தார்.

"என் ஊட்ல ஆளு இல்ல."

உட்கார்ந்துவிட்டார். தியாகராசன் அண்ணன் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஆளு இல்ல.

நான் பதினைந்தடி தூரத்தில் நிற்கிறேன். ஐந்தடி ஒன்பது அங்குலம். ஆளு இல்லையாம்.

மார்ச் 11

போய் உட்கார்ந்தேன், அம்மா சொன்னபடி. அரை மணி நேரம். தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். "மெதுவா" என்றார். அதுவும் பேச்சுதான் என்று கணக்கு வைக்கலாமா?

மார்ச் 12, புதன். மாசி மகம்

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒளிந்துகொண்டான் என்பார்களே என்று போனேன். இதுவும் பெருமையா? தெரியவில்லை.

படகுகளுக்குப் பின்னால் நின்றேன். சப்பரம் வந்தது. நெற்கதிர், பூ, வியர்வை. முன்தண்டில் தியாகராசன் அண்ணன், கழுத்து நரம்பு புடைக்க. சனம் "மாப்புளே" என்று கத்தியபோது என் வாயும் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

அப்பா வெறுங்கையோடு சப்பரத்துக்குப் பக்கத்தில் நடந்தார். முப்பது வருடத்தில் முதல் தடவை. அந்தக் காலி நடையைப் பார்க்க முடியவில்லை.

மாரிக்கண்ணு நாட்டார் என்னைப் பார்த்துவிட்டார். வந்து கையைப் பிடித்து இழுத்தார். "வாடா அருள்ராஜு. ஒரு பத்தடி. யாரு பாக்கப்போறா? ஒங்கப்பன் மூஞ்சியப் பாரு." இன்னும் இரண்டு பேர் சேர்ந்து முதுகில் தள்ளினார்கள். சிரித்துக்கொண்டேதான். மணலில் கால் நிற்கவில்லை. முடியாதுங்க, முடியாதுங்க என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். இடது கையால் நாட்டாரின் கையை விலக்கினார்.

"வுடுங்கய்யா அவன. அவன் வேதக்காரன்."

சாதாரணமாகச் சொன்னார், அவன் எடதுகைக்காரன் என்பது போல. திரும்பிச் சப்பரத்தோடு போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 13

நாற்பத்தாறு விடைத்தாள்களும் முடிந்தன.

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் சபைக்குப் போவதாக இல்லை. பாஸ்டர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போர்வைக்குள் கிடந்தேன். கால்மாட்டில் அப்பா.

"ஞாயித்துக்கெழமதான இன்னிக்கி? என்னா படுத்துருக்க?"

"போவலப்பா."

"ஏன்?"

"பாஸ்டருக்கும் எனக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்."

"அவருக்காகத்தான் மாறுனியா?"

போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

"ஊரே இழுத்தப்ப வர மாட்டேன்னு நின்ன. முன்தண்டு தியாகராசன் ஊட்டுக்குப் போயிடுச்சு, இனிமே வராது. இப்ப நீ வெயில் ஏறுற வரைக்கும் தூங்குனீன்னா, நான் எதுக்குடா எடத்த வுட்டேன்? எந்திரி."

போர்வையை உருவி எறிந்தார்.

பல் விளக்கிவிட்டு வெளியே வந்தபோது வண்டியை ஒற்றைக் கையால் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "கொடுங்கப்பா" என்றேன். கொடுத்தார்.

பத்து நிமிடம் தாமதமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.