சட்டைக் கொலரில் இரவல் பெயர்

இன்று உன் கண்காட்சிக்குப் போனேன். வாசலிலேயே, கண்ணாடிப் பெட்டிக்குள், உன் பூட்டன் கொண்டுவந்த குடிவரவுப் பத்திரம். பழுப்பேறிய தாள், மூலையில் ஓர் இளைஞனின் படம். நீ இறந்து எட்டு மாதமாகிறது. ஆனாலும் துக்கத்துக்கு முன்னால் வந்தது பழைய பொறாமைதான்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், கடைகளுக்கு மேலேயிருந்த மாடியறையை நாம் இருவரும் பகிர்ந்து கலைப்படைப்புகள் செய்த காலம் அது. சீனாவிலிருந்து வந்து இங்கே சலவைக்கடை நடத்திய பூட்டனின் பெட்டியிலிருந்து கடிதம், இஸ்திரிப்பெட்டி, படம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாய். அந்தப் பத்திரத்தை வெள்ளைச் சட்டைகளில் பெரிதாக அச்சடித்துத் தொங்கவிட்டாய். வருகிறவர்கள் எல்லோரும் உன் மேசையைத்தான் சுற்றி நின்றார்கள். என்னிடம் காட்ட ஒரு துண்டுத்தாளும் இல்லை. எங்கள் அல்பங்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டோடு எரிந்துவிட்டன.

ஒருநாள் முகம் வெளிறி வந்தாய். பத்திரத்திலிருந்த பெயர் பூட்டனுடையதல்ல, படமும் வேறு யாருடையதோ. இன்னொருவரின் பத்திரத்தை வாங்கி அவர் பெயரில் வந்திறங்கியவராம். "என் குடும்பப் பெயரே பொய்" என்று அழுதாய். நான் உன்னை அணைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

உன்னைத் தேற்றத்தான் அப்பாவின் கதையைச் சொன்னேன். அவரும் வேறொருவரின் பாஸ்போட்டில் வந்தவர். ஆளனுப்பிய ஏஜென்சிக்காரன் சொன்னபடி அதை விமானக் கழிவறையில் கிழித்துப் போட்டுவிட்டார்.

"அந்தப் பெயர் என்ன?" என்றாய்.

"தெரியாது."

"நீ கேட்டதேயில்லையா?"

அடுத்த வாரமே ஒவ்வொரு சட்டையின் கொலரிலும் பூட்டனின் அந்த இரவல் பெயரைச் சிவப்பு நூலால் தைக்கத் தொடங்கினாய். உன் வேலைகளில் அதுதான் சிறந்தது. அதனாலேயே ஒரு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு உனக்கு நோய் வந்தது. அந்த ஒரு மாதத்தை நினைத்து இன்னும் வெட்கப்படுகிறேன்.

இன்று கண்காட்சியிலிருந்து நேரே மல்வேர்னில் இருக்கும் அப்பாவிடம் போனேன்.

"அப்பா, நீங்கள் வந்த பாஸ்போட்டில என்ன பேர் இருந்தது?"

"உது ஏன் இப்ப?"

"சும்மா, சொல்லுங்கோ."

டிவி சத்தத்தைக் குறைத்தார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, ஊர் என்று அதிகாரிக்குச் சொல்வதுபோல் நிறுத்தாமல் ஒப்பித்தார். "வழி முழுக்கப் பாடமாக்கினனான். எப்பிடி மறக்கிறது? ஆனா அந்த மனிசன் ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது."

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. நீ இருந்திருந்தால் இதைப் பார்த்து என்மேல் பொறாமைப்பட்டிருப்பாய். பொறாமைப்படும் உன் முகத்தை ஒரேயொரு தடவை பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன், தெரியுமா?