நாற்பது மூட்டைக் கிழங்கு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதமே எழுதுவதாகச் சொல்லிவிட்டு எழுதாமல் விட்டதற்குத் திட்டாதே. போர் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் நான் ஆஸ்பத்திரிச் சமையலறையை விட்டு வெளியே இருந்த பொழுதை விரல் விட்டு எண்ணிவிடலாம். முந்நூறு பேருக்குச் சமைத்த அதே அடுப்புகளில் இப்போது எழுநூறு பேருக்குச் சமைக்கிறோம். கட்டில் போதாமல் நடைவழியில் மெத்தை போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு வண்டியைத் தள்ளுகிறவர்கள் கால்களுக்கு நடுவே வழி பார்த்துத் தள்ளுகிறார்கள்.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. உன் பேரைச் சொன்னால் காற்றுத்தான் வருகிறது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சந்தையில் உருளைக்கிழங்கு போன வருஷ விலையைப் போல நாலு மடங்கு. ஆஸ்பத்திரிக்கு ஒதுக்குகிற பணமோ போன வருஷத்ததுதான். நேற்று ஒரு அம்மாள் கடையில் இரண்டு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த விவசாயிங்களுக்கு மட்டும் சண்டை முடியவே வேண்டாம்போல" என்று சொன்னாள். நான் யாருடைய தம்பி என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உன் கிடங்கில் இருநூறு மூட்டை இருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதில் நாற்பதை ஆஸ்பத்திரிக்குப் போன வருஷ விலைக்குக் கொடுப்பாயா? தரகர் வேண்டாம், நேராகவே கொடுக்கலாம். பெரிய டாக்டரிடம் பேசிவிட்டேன். லாரியை அவர்களே அனுப்புவார்கள்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பி,

கடிதம் கிடைத்தது. பல் விழுந்த சேதியை மாமாவிடம் மூன்று தடவை கத்திச் சொன்னேன். யாருக்கோ பல் வலி என்று புரிந்துகொண்டு மருந்துப் பெட்டியை எடுத்து வந்தார். காதுக் கருவி வாங்கியாகிவிட்டது. போட்டுக்கொள்ள மட்டும் மறந்துவிடுகிறார்.

நாலு மடங்கு என்கிறாயே, அதில் இரண்டரைதான் என் கைக்கு வருகிறது. மீதி ஒன்றரை லாரிக்காரர், தரகர், கடைக்காரர் என்று வழி நெடுக இறங்கிவிடுகிறது. உரம் மூன்று மடங்கு. டீசல் கிடைத்தால் வாங்குகிறோம், விலை கேட்பதில்லை. டிராக்டர் ஓட்டுகிறவரைப் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்த வயதில் இடுப்புவலியோடு உன் மாமாதான் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறார். இதையெல்லாம் கழித்தால் லாபம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அதை உன்னிடம் மறைக்கவில்லை.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் நினைவிருக்கிறதா? தோண்டுகிற கூலிக்குக்கூட விலை வராமல் பாதிக் கிழங்கை மண்ணோடு உழுதுவிட்டு, தோண்டியதை வாய்க்கால் கரையில் கொட்டினோம். ஒரு மாதம் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அப்போது உங்கள் சந்தையில் யாராவது கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, இவ்வளவு மலிவா கொடுத்தா விளைவிச்சவங்க என்ன சாப்பிடுவாங்க" என்று கேட்டார்களா? நான் குறை சொல்லவில்லை. மலிவாகக் கிடைத்தால் வாங்குவதுதான் மனுஷ சுபாவம். விலை ஏறினால் விற்பதும் அதே சுபாவம்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் விலை சொன்னார்கள், நான் தலையாட்டினேன். இந்த வருஷம்தான் நான் சொல்கிறேன், அவர்கள் தலையாட்டுகிறார்கள். பின்கட்டுக்குப் புதுக் கூரை போட்டோம். மழை பெய்தால் பாத்திரம் தேடி ஓடாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன்.

போன வருஷ விலைக்குத் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே வேலைக்குப் போனேன், அதனால் சொல்கிறேன்.

இரண்டாவது மாடியில் ஒரு கொத்தனார் இருக்கிறார். படையில் சேர்ந்து ஆறாம் வாரம் தாடையில் அடி. மெல்ல முடியாது; மசித்த கிழங்கைத்தான் அப்படியே விழுங்குகிறார். முன்பு ஆளுக்கு இரண்டு கரண்டி வைத்தோம், இந்த மாதத்திலிருந்து ஒன்று. அவர் இன்னும் வேண்டும் என்று கேட்பதில்லை. வாய் திறந்து கேட்கவும் முடியாது. காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் உடனே விடாமல் ஒரு நொடி பிடித்துக்கொள்கிறார். பிறகு விட்டுவிடுகிறார். மூன்று வேளையும் இதேதான்.

நீ சொல்கிற நியாயம் எனக்குப் புரிகிறது. வாய்க்கால் கரையில் கொட்டியதும் தெரியும். ஆனால் அன்று உன்னை ஏமாற்றிய ஆள் வேறு, இன்று பட்டினி கிடக்கிற ஆள் வேறு. அந்தக் கொத்தனார் தட்டில் குறைந்ததுதான் உன் வீட்டுக் கூரையில் ஏறியிருக்கிறது. எழுதக் கூடாதென்று பார்த்தேன், எழுதிவிட்டேன்.

இங்கே நாங்களும் சொகுசாக இல்லை. விலை ஏறப்போகிறது என்று ஆஸ்பத்திரியில் முன்னாலேயே காதில் விழுந்ததால் மூன்று மாதத்து அரிசியை வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டுவைத்தோம். அதனால் தப்பித்தோம். இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.

தம்பி


மார்ச் 27

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கூரையைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். அதை மேலே ஏறி நின்று போட்டவர் அவர்.

கட்டிலுக்கடியில் அரிசி வைத்திருக்கிறாயே, அதை நான் வைத்தால் பதுக்கல், நீ வைத்தால் முன்யோசனையா? நீ மூன்று மாதத்துக்கு வாங்கிய அன்று உனக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்கு என்ன கிடைத்தது என்று திரும்பிப் பார்த்தாயா? உன் மனைவியைச் சொல்லவில்லை. குழந்தை இருக்கிற வீட்டில் யாரும் அதைத்தான் செய்வார்கள். நீ கொஞ்சம் கீழே இறங்கி நின்று பேசினால் எனக்குக் காது கேட்கும், அவ்வளவுதான்.

சண்டை போட்டாகிவிட்டது. இப்போது கேள். தட்டை விடாமல் பிடித்துக்கொள்கிறார் என்று எழுதினாயே, அதை நீ எழுதியிருக்கவே வேண்டாம். இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை.

நாற்பது மூட்டை தருகிறேன். போன வருஷ விலைக்கு இல்லை. எனக்கு என்ன செலவானதோ அதற்கு. லாபம் வேண்டாம், நஷ்டமும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. கிழங்கு சமையலறைக்குள்ளே போக வேண்டும். வேறு எங்கும் போகக் கூடாது. லாரி வரும்போது நீயே கூட நின்று எண்ணி இறக்கு. பெரிய டாக்டரை நம்பியோ கடவுளை நம்பியோ தரவில்லை. நீ இருக்கிறாய் என்றுதான் தருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

லாரி வந்து சேர்ந்தது. அழுகல் ஒன்றுகூட இல்லை. சமையல்காரர்கள் உரிக்கும்போதே உன்னைப் புகழ்ந்தார்கள். நேற்றிலிருந்து ஆளுக்கு இரண்டு கரண்டி. கொத்தனாருக்கு மூன்று வைத்தேன். இந்தத் தடவை தட்டை உடனே கொடுத்துவிட்டார்.

பெரிய டாக்டர் உனக்கு நன்றி சொல்லி எழுதப்போவதாகச் சொன்னார். எழுதுவாரா தெரியாது, வேலை அப்படி. நாற்பதுக்கும் கையெழுத்துப் போட்ட ரசீதைத் தனித் தபாலில் அனுப்பினேன், பார்த்திருப்பாய்.

நான் எழுதிய கடுமையான வார்த்தைகளை மறந்துவிடு. மாமாவைக் கேட்டதாகச் சொல். வேலை இருக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

தம்பி


ஏப்ரல் 21

அன்புத் தம்பி,

பம்புக்கு ஒரு வாஷர் வாங்க நேற்று டவுனுக்குப் போனேன். கடைக்குப் பக்கத்தில் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கு இருக்கிறது. வாசலில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருந்தது. யார் வீட்டுச் சரக்கு, என்ன தரம் என்று பார்க்காமல் என்னால் ஒரு மூட்டையைக் கடந்து போக முடியாது, உனக்குத் தெரியும்.

சணல் கிடைக்காததால் உனக்கு அனுப்பிய மூட்டைகளை மட்டும் நீல நைலான் கயிற்றைப் பிரித்துத் தைத்திருந்தேன். தையலும் என் தையல்தான், கோணலாக இருக்கும். அங்கே ஏழு மூட்டை இருந்தது. உள்ளே எத்தனை என்று பார்க்கவில்லை.

யாருடைய கிழங்கு என்று வியாபாரியிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரி சரக்கும்மா. நல்லா இருக்கும். விலை மட்டும் குறைக்க முடியாது, வாங்கினதே அதிகம்" என்றார். விலை கேட்டேன். நாலரை மடங்கு. உங்கள் சந்தையைவிடக் கூடுதல்.

வாஷரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் ஒரே கேள்விதான். சமையலறைக்குள் எத்தனை மூட்டை வந்தது?

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்திரண்டு.

நீ சொன்னபடி நான் கூடத்தான் நின்றேன். எண்ணித்தான் இறக்கினேன். இருபத்திரண்டாவது மூட்டை இறங்கியதும் ஸ்டோர் கீப்பர் வந்து லாரியைப் பின்வாசலுக்கு விடச் சொன்னார். மீதி பதினெட்டும் இன்னொரு வண்டியில் ஏறியது. நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. அவர் சத்தம் போடவில்லை, மிரட்டவும் இல்லை. ரசீதை என் கையில் கொடுத்து, "விலக்குப் பட்டியல் என் மேசை வழியாத்தான் போகுது. உங்க பேரு அதுல நல்லபடியா இருக்கு. இருக்கட்டுமே" என்றார்.

அது என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் முக்கியமான வேலையில் இருப்பவர்களைப் படைக்கு எடுக்கமாட்டார்கள். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் மாதா மாதம் ஸ்டோர் அலுவலகத்திலிருந்து போகிறது. படைக்கு எடுக்கிற வயதில் இருந்தும் நான் வீட்டில் தூங்குகிறேன் என்றால் அந்தப் பட்டியலில் என் பெயர் இருப்பதால்தான். பாப்பாவை நினைத்தேன். நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். உனக்கும் அப்படியே எழுதினேன். பொய்யான வாக்கியம் ஒன்றும் அந்தக் கடிதத்தில் வராதபடி பார்த்துப் பார்த்து எழுதினேன். அந்தக் கடிதத்தில் எனக்கு ரொம்ப வெட்கமாக இருப்பது அதுதான்.

உன் கேள்வியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் சுற்றினேன். ஐந்தாம் நாள் பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விசாரிப்பதாகச் சொன்னார். விசாரித்தார்கள். ஸ்டோர் கீப்பரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் அதே வேலைதான்.

மே மாதப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. போவதற்கு முன் கடைசியாக அவர் அனுப்பியது அது. பெரிய டாக்டர் திருத்தச் சொல்லி எழுதிப் பார்த்தார். அடுத்த பட்டியலில்தான் சேர்க்க முடியும் என்றார்கள். அதற்குள் எனக்கு உத்தரவு வந்துவிட்டது. ஜூன் 3ஆம் தேதி போய்ச் சேர வேண்டும். சமையல் தெரிந்தவன் என்று படையின் சமையலறையில் போடலாம், போடாமலும் இருக்கலாம்.

நீ கேட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், அவ்வளவுதான். இன்னொன்று கேட்க வேண்டும், ஆனால் கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

தம்பி


மே 20

அன்புத் தம்பி,

நீ கேட்கவில்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன். பின்கட்டு அறையைக் காலி செய்து வெள்ளை அடித்தாயிற்று. உன் மனைவியையும் பாப்பாவையும் நீ போவதற்கு முந்தின வாரமே அனுப்பிவை. இங்கே நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. உன் மனைவிக்கு மண்வேலை தெரியாது, எனக்கும் கல்யாணமான புதிதில் தெரியாது. அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், நீ பிரித்துப் படிக்க வேண்டாம்.

உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். போன கடிதத்தை எழுதி முடித்து உறையில் போட்டபோது மாமா பக்கத்தில் இருந்தார். காதுக் கருவி போட்டிருந்தார். "போடாதே. ஏழோ பத்தோ போனது போகட்டும். அவன் பிழைப்பு அங்கே ஓடுது" என்றார். நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். கேட்டது நியாயம்தான். இன்னொரு தடவை அந்த நீலக் கயிற்றைப் பார்த்தால் கேட்பேனா என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. பதினெட்டு மூட்டைக்கு ஒரு தம்பி என்று நான் விலை பேசவில்லை.

நீ ஊரை விட்டுப் போகுமுன் இதையும் தெரிந்துகொள். கிடங்கில் மீதி இருந்த நூற்றறுபது மூட்டையையும் விற்றுவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாள் தரகர் வந்தார். அவர் சொன்ன விலைக்கு மேல் கேட்டேன், கொடுத்தார். குறைத்துக் கொடுத்தால் அந்தக் குறைவு யார் பைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டேன். ஆனால் அதைச் சாக்காகச் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கவில்லை. உன் கொத்தனாரும் இருபத்திரண்டு மூட்டையும் நிஜம். அந்தப் பதினெட்டும் நிஜம். நூற்றறுபது மூட்டை ஏறிப்போகும்போது நான் வாசலில் நின்று பார்க்கவில்லை, உள்ளே இருந்தேன்.

நீ இதற்கு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நான் அதற்கு என்ன சொல்வேன் என்று உனக்கும் தெரியும். அதனால் இனி நான் உனக்கு நியாயம் எழுதப்போவதில்லை. நீயும் எனக்கு எழுத வேண்டாம். அங்கிருந்து நீளமான கடிதம் போட நேரம் இருக்காது, தணிக்கையும் செய்வார்களாம்.

எங்கே போட்டிருக்கிறார்கள், சாப்பிட்டாயா என்று மட்டும் எழுது. இரண்டு வரி போதும்.

அக்கா