நிமலனின் கண்ணில் நிற்கும் புள்ளி

செவ்வாய், இரவு

குருக்கள்மடம் வாழ் மக்களுக்கு முக்கிய அறிவித்தல்: இன்று பொழுதுபட என் புது லேசர் வாவியைத் தாண்டி அக்கரைத் தென்னைக்குப் பச்சைப் பொட்டு வைத்தது.

பிறகு கூட்டாளி நிமலனின் கண்ணுக்கும் வைத்தேன்.

சற்று முன் வேலியடிக்கு வந்தான். "மச்சான், எங்க பாத்தாலும் நடுவில கறுப்பா ஒண்டு நிக்குதுடா. அம்மாட்ட மண் விழுந்தது எண்டு சொல்லியிருக்கன். நாளைக்கு டொக்டரிட்டயும் அப்பிடியே சொல்லட்டா?"

"ஓம், சொல்லு" என்றேன்.

மண் என்றால் கழுவி அனுப்பிவிடுவார்கள். கண்ணுக்குள் லேசர் சுட்டதை யார் தேடிப் பார்ப்பது?

ஒளி என்றால் வெளிச்சம். ஒளி என்றால் பதுங்கு. விஞ்ஞான வகுப்பில் முதலாவதில் கெட்டிக்காரன் நான். இப்போது இரண்டாவதில்.

"நான் எத்தினை தரம் பாத்திட்டன், ஒண்டும் செய்யாது" என்று வீரம் பேசித்தான் அவனைப் பார்க்க வைத்தேன். உண்மையில் ஒருதரமும் பார்த்ததில்லை. எனக்குப் பயம்.